வீட்டுச் சாமான்களை வரைந்து வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்களுக்கு நீர்வண்ணம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பலருக்கு ஓவியராகும் எண்ணம் இல்லை. ஊரில் இருக்கும் பழைய வீட்டை இடிக்கப் போகிறார்கள், அல்லது அம்மாவின் சமையலறையை அக்கா தங்கைகள் பிரித்துக்கொள்ளப் போகிறார்கள். அதற்குள் சில சாமான்களையாவது வரைந்து வைத்துவிட வேண்டும் என்று வருகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை, கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

"எனக்கு ஒரு கோடுகூட நேரா வராது. நான் வரையலாமா?"

வரையலாம். வீட்டுச் சாமான்களில் நேர்கோடே குறைவு. சொம்பு, குடம், கரண்டி, ஆட்டுக்கல் எல்லாம் வளைவுகள்தான். மணைப்பலகையும் டிரங்குப் பெட்டியும்கூடப் பல வருஷம் புழங்கியதில் ஓரம் மழுங்கிப் போயிருக்கும். கோடு கொஞ்சம் ஆடினால் படம் கெட்டுவிடாது.

இதற்கு வேண்டியதெல்லாம், ஒரு பொருளின் முன்னால் அரைமணி நேரம் எழுந்திருக்காமல் உட்காரும் பொறுமை. முதல் படம் யாருக்கும் பிடிப்பதில்லை. கிழித்துப் போடாமல் தேதி போட்டு வைத்துவிட்டு, அதே பொருளை மறுபடி வரையுங்கள். பொருளை மாற்றிக்கொண்டே போகிறவர்களைவிட, ஒரே சொம்பைத் திரும்பத் திரும்ப வரைகிறவர்களுக்குத்தான் கை சீக்கிரம் படிகிறது.

"போன்ல ஒரு போட்டோ எடுத்தா முடிஞ்சுது. எதுக்கு இவ்வளவு நேரம் உட்காரணும்?"

போட்டோவும் எடுங்கள். பின்னால் உதவும். ஆனால் இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை. அமெரிக்காவில் லிண்டா ஹென்கெல் என்ற உளவியல் ஆய்வாளர் மாணவர்களை ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார். சில பொருள்களைப் பார்க்க மட்டும் சொன்னார், சிலவற்றைப் போட்டோ எடுக்கச் சொன்னார். மறுநாள் கேட்டபோது, போட்டோ எடுத்த பொருள்கள்தான் குறைவாக நினைவில் இருந்தன. ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாக எடுத்தபோது இந்தக் குறை தெரியவில்லை. 2014-ல் வெளியான ஆய்வு இது. 2016-ல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் வேறொரு சோதனை நடந்தது. எழுதிய சொற்களைவிட, படமாக வரைந்த சொற்கள் தெளிவாகக் கூடுதலாக நினைவிருந்தன. படம் நன்றாக இருந்ததா இல்லையா என்பது கணக்கில் வரவே இல்லை.

என் அனுபவமும் அதுதான். தாத்தாவின் வெற்றிலைப் பெட்டியை ஒருவர் வரைந்துகொண்டிருந்தார். மூடியின் கீலில் ஒருபக்கம் பித்தளை ஆணி, மறுபக்கம் வளைத்துவிட்ட இரும்புக் கம்பி. வருஷக்கணக்காக அவர் வீட்டு அலமாரியில் இருந்த பெட்டிதான். போட்டோவும் எடுத்து வைத்திருந்தார். வரையும்போதுதான் அந்தக் கம்பி அவர் கண்ணில் பட்டது. ஆணி விழுந்த பிறகும் தாத்தா பெட்டியை விடாமல், கையில் கிடைத்ததை வைத்துச் சரிசெய்திருக்கிறார்.

"வீட்டுல நூறு சாமான் இருக்கு. எதை வரையறது?"

தினமும் கை பட்டதை. பூஜை அறையின் வெள்ளி விளக்கையும் பீரோவுக்குள் இருக்கும் பட்டுச் சேலையையும்தான் முதலில் எடுத்து வைப்பார்கள். அவை எப்படியும் பத்திரமாக இருக்கும். யாரோ ஒருவர் எடுத்துக்கொள்வார். யாரும் கேட்காமல் எடைக்குப் போகப் போகிறவைதான் அவசரம்: மாவு சலிக்கிற சல்லடை, பருப்பு கடைகிற மத்து, காபி ஃபில்டர், அரிசி அளக்கிற படி, கைப்பிடி உடைந்து துணி சுற்றிய வாணலி.

எது என்று தெரியவில்லையா? அந்த மனிதரை நினைத்தால் அவர் கையில் எது இருக்கிறது என்று பாருங்கள். முதலில் தோன்றுவதையே எடுங்கள்.

"சட்டி பானை எல்லாம் ஒரு ஓவியமா? பெரிய ஓவியர்கள் யாராவது இதைச் செஞ்சிருக்காங்களா?"

செய்திருக்கிறார்கள். இதை மட்டுமே செய்தவர்களும் உண்டு. பாரிஸில் வாழ்ந்த ஷார்தான் (1699–1779) சமையலறைச் சாமான்களை வரைந்தே பெயர் வாங்கினார். அவர் காலத்தில் புராணக் காட்சியும் போர்க் காட்சியும்தான் உயர்ந்த ஓவியம் என்று எண்ணினார்கள். அப்போது அவர், வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கும் செம்புத் தொட்டியை நடுவில் வைத்து, அதற்கே முழுப் படத்தையும் கொடுத்தார். இன்று அது லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் வீட்டு அண்டாவைப் போன்ற பொருள்தான் அது.

வான் கோ 1888-ல் பிரான்ஸின் ஆர்ல் நகரில் தான் தங்கியிருந்த மஞ்சள் வீட்டில் இரண்டு நாற்காலிகளை வரைந்தார். தன்னுடையது வைக்கோல் பின்னிய எளிய நாற்காலி, மேலே ஒரு பைப்பும் புகையிலையும். கூடத் தங்கியிருந்த ஓவியர் கோகனுடையது கைப்பிடி வைத்தது, மேலே எரியும் மெழுகுவர்த்தியும் புத்தகங்களும். ஆள் இல்லாமலே இரண்டு ஆள்களையும் அடையாளம் காண முடிகிறது.

நான் அதிகம் பேசுவது இத்தாலியின் மொராண்டியைப் (1890–1964) பற்றி. போலோன்யா நகரில் தன் மூன்று சகோதரிகளோடு ஒரே வீட்டில் வாழ்ந்தார். தூங்குகிற அறையே வரைகிற அறை. அதே சில புட்டிகள், ஜாடிகள், தகர டப்பாக்களை வாழ்நாள் முழுக்க இடம் மாற்றி மாற்றி வைத்து வரைந்தார். அவற்றின் மேல் படிந்த தூசியைக்கூடத் துடைக்க விடமாட்டாராம். வரைய ஒன்றும் இல்லை என்று சொல்கிறவர்களுக்கு அவர் படங்களைக் காட்டுவேன்.

"என்ன பேப்பர், என்ன கலர் வாங்கணும்? நிறையச் செலவாகுமா?"

பழக எதுவும் போதும். பிள்ளைகளின் கேம்லின் பெட்டியிலேயே தொடங்கலாம். ஆனால் வைத்துக்கொள்ளப் போகிற படத்துக்குக் காகிதத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 300 ஜி.எஸ்.எம். கனமுள்ள, அமிலம் இல்லாத, முடிந்தால் முழுப் பருத்தியில் செய்த நீர்வண்ணக் காகிதம் வாங்குங்கள். சாதாரண மரக்கூழ்க் காகிதம் வருஷம் போகப் போக மஞ்சளாகி நொறுங்கும். பெரிய தாள் ஒன்று வாங்கி எட்டாகக் கிழித்துக்கொண்டால் கட்டுப்படியாகும்.

வண்ணம் ஆறு டியூப் போதும்: அல்ட்ராமரீன் நீலம், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், எல்லோ ஓக்கர், எலுமிச்சை மஞ்சள், ஒரு சிவப்பு. கருப்பு வாங்க வேண்டாம். அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் இரும்பு, கரி, நிழல், எவர்சில்வர் எல்லாவற்றுக்கும் உரிய சாம்பல் நிறங்கள் வந்துவிடும். நீலம் கூடினால் குளிர்ந்த சாம்பல், சியன்னா கூடினால் வெதுவெதுப்பான சாம்பல்.

சிவப்பு வாங்கும்போது மட்டும் டியூப்பின் பின்னால் இருக்கும் நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். பி.ஆர்.83 என்றிருந்தால் அது பழைய அலிசரின் கிரிம்ஸன். வெளிச்சம் பட்டால் மங்கும். பி.வி.19 என்ற குவினாக்ரிடோன் வகை நிலைக்கும். கண்ணைப் பறிக்கும் ஒளிர் ரோஸ் நிறங்களையும் தவிருங்கள். பேரப்பிள்ளை பார்க்க வேண்டிய படத்தில் அம்மாவின் குங்குமச் சிமிழ் வெளுத்துப்போய் இருக்கக் கூடாது.

"பொருளை முன்னால வச்சுட்டேன். எங்கிருந்து ஆரம்பிக்கிறது?"

ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வையுங்கள். ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம் வர வேண்டும். மேலே ட்யூப் லைட் எரிந்தால் அணைத்துவிடுங்கள். அது எல்லா நிழலையும் தின்றுவிடும். வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வைப்பதைவிட, அந்தப் பொருள் வழக்கமாக இருக்கும் இடத்திலேயே, மேடையிலோ திண்ணையிலோ விட்டு வரைவது நல்லது.

பாத்திரம் வரைகிறவர்கள் இடறும் இடம் வாய்ப்பகுதி. பக்கவாட்டில் பார்க்கும்போது வட்டமான வாய் நீள்வட்டமாகத் தெரியும். அதன் இரு ஓரங்களும் கூராக முடிவதில்லை, மிகச் சின்ன வளைவாகத் திரும்பும். இன்னொன்று: கண் மட்டத்துக்குக் கீழே போகப் போக நீள்வட்டம் அகலும். அதனால் அடிப்பகுதியின் வளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். அடியை நேர்கோடாக இழுத்துவிட்டால் பாத்திரம் தரையில் உட்காராது. நடுவில் மெலிதாக ஒரு செங்குத்துக் கோடு போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் அதிலிருந்து அளந்து வாருங்கள்.

"பித்தளைச் சொம்பு வெறும் மஞ்சளா வருது. பளபளப்பு வரமாட்டேங்குது. எவர்சில்வருக்கு என்ன கலர் அடிக்கிறது?"

பித்தளையின் பளபளப்பு மஞ்சளில் இல்லை, அதன் இருட்டில் இருக்கிறது. கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். சொம்பின் உடம்பில் ஏறக்குறைய கருப்பான பட்டைகள் தெரியும். அதற்கு ஒட்டினாற்போல மிக வெளிச்சமான கீற்று ஒன்று. இரண்டுக்கும் நடுவே சாய்வு இருக்காது, வெட்டினாற்போல் மாறும். அந்தக் கீற்றுக்கு வெள்ளை வண்ணம் வேண்டாம், காகிதத்தையே விட்டுவிடுங்கள். பக்கத்தில் எலுமிச்சை மஞ்சள், பிறகு ஓக்கர், இருட்டுக்கு அம்பரும் அல்ட்ராமரீனும். இருட்டைத் துணிந்து வைக்காதவரை சொம்பு மாம்பழம் மாதிரிதான் இருக்கும்.

எவர்சில்வருக்குத் தனியாக ஒரு நிறம் கிடையாது. ஜன்னல், உங்கள் சட்டை, பக்கத்துச் சுவர் எல்லாம் அதில் நெளிந்து தெரியும். சிவப்பு ஆக்சைடு தரையில் வைத்த எவர்சில்வர் தூக்கின் கீழ்ப்பாதி சிவப்பாகவே இருக்கும். தெரிவதைத் தெரிகிறபடியே வையுங்கள். இது கஷ்டமாக இருந்தால் பளபளக்காத பொருளில் தொடங்குங்கள்: மண்சட்டி, கல்சட்டி, அம்மி, மரத்தட்டு. மொராண்டியே சில புட்டிகளின் மேல் மங்கலான வண்ணம் பூசிப் பளபளப்பை அடக்கிவிட்டுத்தான் வரைந்தார்.

"ஒடுக்கு, கீறல், கறை எல்லாம் அப்படியே போடணுமா? புளி போட்டுத் தேய்ச்சு, துலக்கி வச்சு வரைஞ்சா அழகா இருக்குமே?"

துலக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். கடையில் அதே அளவில் அடுக்கி வைத்திருந்த சொம்புகளில் ஒன்றை உங்கள் வீட்டுச் சொம்பாக்கியது, அதற்குப் பிறகு அதில் விழுந்தவைதான். எங்கோ இடித்த ஒடுக்கு, கட்டைவிரல் வழக்கமாகப் பிடித்த இடத்தின் மெருகு, கழுத்தில் ஏறிய களிம்பு, அடியில் விட்டுப்போன ஈயப்பூச்சு. வடிவத்தை யாரும் வரைந்துவிடலாம். தேய்மானத்தை அந்த வீட்டுக்காரர்தான் வரைய வேண்டும். நேரம் குறைவாக இருந்தால் சொம்பின் உருவத்தைப் பென்சிலில் போட்டுவிட்டு, அந்த ஒடுக்குக்கு மட்டும் வண்ணம் கொடுங்கள் என்றுகூடச் சொல்வேன்.

வகுப்புக்கு வந்த ஓர் அம்மா தன் தாயாரின் இரும்புத் தோசைத் திருப்பியைக் கொண்டுவந்தார். தட்டையான முனை ஒருபக்கம் சரிந்து தேய்ந்திருந்தது. சரிவை எதிர்ப்பக்கமாக வரைந்துவிட்டோமோ என்று படத்தையும் திருப்பியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். சரியாகத்தான் வரைந்திருந்தார். வலக்கைக்காரர் புழங்கினால் தேய வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் தேய்ந்திருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "அம்மா எழுதுறது, பரிமாறுறது எல்லாம் வலது கைதான். அடுப்படியில யாரும் இல்லாதப்ப இடது கையாலதான் தோசை சுடுவா." சின்ன வயசில் இடக்கையை அடித்து மாற்றியிருக்கிறார்கள். தனியாக இருந்தபோது அந்தக் கை திரும்பி வந்திருக்கிறது. அத்தனை வருஷத்துக்கும் சாட்சியாக அந்த இரும்புதான் மிஞ்சியிருக்கிறது. துலக்கினால் போகிற அடையாளம் இல்லை அது. ஆனால் "அழகாக" வரைய நினைத்திருந்தால் முனையை நேராக்கியிருப்பார்.

"பாத்திரத்துல பேர் வெட்டியிருக்கு. அந்த எழுத்தையும் வரையணுமா?"

கட்டாயம். கல்யாணச் சீருக்கோ கிரகப்பிரவேசத்துக்கோ வாங்கும்போது பாத்திரக் கடையிலேயே பெயர் வெட்டித் தருவார்கள். புள்ளி புள்ளியாக, வளைவுகள் கொஞ்சம் கோணலாக, இடம் போதாமல் கடைசி எழுத்து சுருங்கிப்போய் இருக்கும். கொடுத்தவர் பெயர், வாங்கியவர் பெயர், சில சமயம் தேதியும் இருக்கும். பல குடும்பங்களில் பாட்டியின் பெயர் எழுத்தில் இருக்கும் ஒரே இடம் அந்தத் தவலையின் விளிம்புதான். வீட்டுப் பத்திரம் தாத்தா பெயரில், ரேஷன் கார்டு தாத்தா பெயரில், பாத்திரம் மட்டும் அவள் பெயரில்.

எழுத்தைத் திருத்தி எழுதாதீர்கள். புள்ளிகளை எண்ணி, கோணலைக் கோணலாகவே வையுங்கள். வண்ணம் நன்றாகக் காய்ந்த பிறகு கூர்மையான பென்சிலால் போட்டால் போதும்.

"அம்மாவோட சேலையை எப்படி வரையறது? கட்டம் கட்டமா போட்டே கை ஓஞ்சுபோச்சு."

முழுச் சேலையை விரிக்காதீர்கள். அவர் மடித்து வைக்கிற விதத்தில் மடித்து வையுங்கள், அந்த மடிப்பை வரையுங்கள். கண்டாங்கியின் கட்டங்களும் சுங்குடியின் புள்ளிகளும் வெளிச்சம் படும் மடிப்பில் மட்டும் தெளிவாக இருந்தால் போதும். நிழலுக்குள் போகும்போது கரைந்துவிடலாம். முந்தானையில் முகம் துடைத்த நுனி, கால் பட்டு நைந்த கீழ்க்கரை, இவைதான் முன்பு சொன்ன தேய்மானம். அவற்றுக்கு நேரம் கொடுங்கள்.

"அப்பா போய்க் கொஞ்ச நாள்தான் ஆகுது. அவர் கண்ணாடியை எடுத்து வச்சா அழுகைதான் வருது. வரையணுமா?"

இப்போது வேண்டாம். கண்ணாடியைக் கூட்டுக்குள் வைத்துவிடுங்கள். துடைக்க மட்டும் வேண்டாம். வரைவதற்குக் காலக்கெடு எதுவும் கிடையாது. வான் கோவின் தந்தை ஒரு பாதிரியார். 1885 மார்ச்சில் திடீரென இறந்தார். அவருடைய கனத்த பைபிளை மகன் வரைந்தது அந்த வருஷம் அக்டோபரில். பக்கத்தில் அணைந்த மெழுகுவர்த்தி, முன்னால் தான் படித்துப் படித்து ஓரம் கிழிந்த மஞ்சள் அட்டைப் பிரெஞ்சு நாவல். அப்பாவுக்கும் மகனுக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. அந்த இரண்டு புத்தகங்களும் ஒரே மேசையில் இருக்கின்றன. அந்தப் படத்தை ஒரே நாளில் வரைந்து முடித்ததாகத் தம்பிக்கு எழுதினார்.

அழுதுகொண்டே வரைய முடிகிறவர்களும் உண்டு. சிலருக்கு அதுவே நல்லது. ஆனால் தூக்கம், சாப்பாடு எல்லாம் கெட்டு நாள் போய்க்கொண்டே இருந்தால் மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ பேசுங்கள். அதற்குப் படம் வரைவது மாற்று இல்லை.

"பொருளே இப்ப இல்ல. வீடும் இல்ல. மனசுல மட்டும்தான் இருக்கு. எதைப் பார்த்து வரையறது?"

இதைக் கேட்கிறவர்களில் இலங்கையிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர். கையில் ஒரு பையோடு வீட்டை விட்டுக் கிளம்பியவர்களிடம் வரைவதற்கு என்ன இருக்கும்? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களிடம் போய் அவர்கள் விட்டு வந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். கிணறு எங்கே, குசினி எங்கே, மாமரம் எங்கே என்று ஆளாளுக்கு வரைந்தார்கள். அந்தக் கோடுகள், அவற்றை வைத்துக் கட்டடக்கலை முறையில் போட்ட வரைபடம், கூடவே சனாதனன் தீட்டிய ஓவியம் எல்லாம் சேர்ந்து 2011-ல் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' என்ற நூலாக வந்தன. தோம்பு என்றால் காணிப் பதிவேடு. ஓவியம் பழகாதவர்களின் கோணல் கோடுகள்தான் அதில் மனசைப் பிடிக்கின்றன.

நீங்களும் அப்படியே செய்யலாம். பொருளுக்கு முன் இடத்தை வரையுங்கள். எந்தச் சுவர், எந்தப் பக்கம் ஜன்னல், ஆட்டுக்கல்லிலிருந்து கிணற்றடிக்கு எத்தனை எட்டு. இடம் வந்துவிட்டால் அங்கிருந்த பொருள் தானாக வரும். கையையும் உபயோகியுங்கள். அந்தக் குடத்தை இடுப்பில் வைத்தால் கை எவ்வளவு வளையும் என்று செய்து பார்த்தால் அளவு தெரிந்துவிடும். அதே மாதிரிப் பொருளைப் பார்க்க வேண்டுமென்றால், தமிழ்நாட்டில் இருப்பவர்கள் முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்கோ காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கோ போகலாம். அங்கே அமைப்பு கிடைக்கும், உங்கள் வீட்டு ஒடுக்கு கிடைக்காது. நினைவில்லாத பகுதியை ஊகித்து நிரப்பாமல் வெள்ளையாகவே விடுங்கள்.

"போட்டோவைப் பார்த்து வரைஞ்சா தப்பா?"

தப்பில்லை. பொருள் தூர தேசத்தில் இருந்தால் வேறு வழியும் இல்லை. ஆனால் போன் கேமரா கிட்டத்தில் எடுக்கும்போது நடுப்பகுதியை உப்ப வைக்கும், நிழலை வெளுக்க வைக்கும். எட்டி நின்று எடுக்கச் சொல்லுங்கள். முழுப்படம் ஒன்று, தேய்ந்த இடங்களை நெருக்கமாகச் சில. பக்கத்தில் ஓர் அடிக்குச்சியும் வைத்து எடுத்தால் அளவு தெரியும்.

"அம்மாவுக்கு மறதி நோய். அவங்களோட சேர்ந்து வரைஞ்சா பழசு ஞாபகம் வருமா?"

வரலாம், வராமலும் போகலாம். நோயை இது குணப்படுத்தாது. ஆனால் நேற்று நடந்தது மறந்துபோனவர்களுக்கும் இளவயது நினைவுகள் பல நாள் தங்கியிருக்கும். பழகிய பொருளைக் கையில் கொடுத்தால் பேச்சு கிளம்புவதைப் பலரும் பார்த்திருக்கிறார்கள். மனதால் எண்ணுவதற்கு முன் கை அதை அறிகிறது. கடைகிற மத்தைக் கொடுத்தால் இரண்டு உள்ளங்கையும் தாமாக உருட்டத் தொடங்கும்.

"இது என்னன்னு சொல்லும்மா, யாரு வாங்கிக் குடுத்தா?" என்று பரீட்சை வைக்காதீர்கள். பதில் வராவிட்டால் அவர்கள் வாடிப்போவார்கள். பொருளை அவர்கள் மடியில் வைத்துவிட்டு நீங்கள் வரையுங்கள். அவர்கள் பிரஷைக் கேட்டால் கொடுங்கள். சொன்னதை அப்படியே, அவர்கள் வாய்ச்சொல்லில் குறித்துக்கொள்ளுங்கள், உண்மைக்கு மாறாக இருந்தாலும்.

"நான் வரைஞ்சதைப் பார்த்து என் தங்கச்சி, 'அது அப்படி இல்லவே இல்ல'ங்கறா. யார் சொல்றது சரி?"

பொருள் கையில் இருந்தால் பொருள் சொல்வதுதான் சரி. இல்லாவிட்டால் இரண்டு படமாக வரையுங்கள். தங்கையையும் ஒன்று வரையச் சொல்லுங்கள். ஊஞ்சல் பலகை உங்களுக்குப் பெரியதாகவும் அவளுக்கு அதைவிடப் பெரியதாகவும் இருந்திருக்கும். அவள் அப்போது உங்களைவிடச் சின்னவள். ஒரு குடும்பத்தில் மூத்தவர் நினைவே எல்லாருடைய நினைவாக ஆகிவிடுவதை நிறையப் பார்க்கிறேன். கடைக்குட்டி சொல்வதை யாரும் கேட்பதில்லை. ஒரு பொருளுக்கு இரண்டு மூன்று படங்கள் இருந்தால், பிற்பாடு பார்க்கிற பிள்ளைகளுக்கு வீடு முழுசாகத் தெரியும்.

"எல்லா நினைவும் இனிமையா இல்லையே. அம்மியைப் பார்த்தா அம்மா பட்ட கஷ்டம்தான் தோணுது. அதையெல்லாம் அழகா வரையறது பொய் இல்லையா?"

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களை நான் மதிக்கிறேன். அம்மி, ஆட்டுக்கல், உரல் எல்லாவற்றையும் "அந்தக் காலத்து ஆரோக்கியம்" என்று பெருமூச்சு விட்டு வரைவது எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கல்லின் குழிவு, ஒரு பெண் விடியலிலும் அந்தியிலும் குனிந்து அரைத்ததால் ஏற்பட்டது. கல் வழவழப்பானதும் தெருவில் அம்மி கொத்துகிறவரைக் கூப்பிட்டு உளியால் கொத்த வைப்பார்கள். மறுபடி அவள் தேய்ப்பாள், மறுபடி கொத்துவார்கள். அரைத்த பொருளின் ருசியை மட்டும் வைத்துக்கொண்டு அந்த முதுகை மறந்துவிட்டால் அது பொய்தான்.

அதற்காக வரையாமல் விட வேண்டாம். எந்த உயரத்திலிருந்து வரைகிறோம் என்பது முக்கியம். நின்றபடி பார்த்தால் அம்மி ஒரு காட்சிப்பொருள். தரையில் உட்கார்ந்து, அரைக்கிறவர் பார்த்த கோணத்திலிருந்து வரைந்து பாருங்கள். குழவியின் எடை படத்தில் வந்துவிடும். அடுக்களையின் கரி படிந்த சுவரையும் சேருங்கள். அடிக்க எடுத்த பிரம்பு, அடகுக் கடை ரசீது, காலியான மதுப்புட்டி, இவற்றை வரைய விரும்பி வருகிறவர்களும் உண்டு. தாராளமாக வரையலாம். வரைந்ததை யாருக்கும் காட்ட வேண்டிய கடமை கிடையாது.

"வரைஞ்சாச்சு. இனிமே பாத்திரத்தை எடைக்குப் போட்டுடலாமா?"

பலர் இதைத் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள், ஏதோ துரோகம் போல. இடம் இல்லாத ஃப்ளாட்டில் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியாது. போடலாம். பொங்கலுக்கு முன் பழைய பாத்திரத்தை எடைக்குப் போட்டுப் புதிது வாங்குவதும், போகியன்று பழையதைக் கழிப்பதும் நம் வீடுகளில் எப்போதும் உள்ள வழக்கம்தானே.

ஆனால் வரைந்த கையோடு போடாதீர்கள். படத்தை ஒரு மாதம் சுவரில் ஒட்டிவையுங்கள். விட்டுப்போனது ஏதாவது தோன்றும், பொருள் இருந்தால் போய்ப் பார்த்துச் சேர்க்கலாம். பெயர் வெட்டிய பாத்திரம் ஒன்றையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் பக்கத்து வேண்டுகோள். கொடுப்பதாக இருந்தால், எடைக்குப் போடுவதைவிடப் புழங்குகிற வீட்டுக்குக் கொடுங்கள்.

"படத்தை எப்படிப் பத்திரமா வைக்கிறது? பின்னால என்ன எழுதணும்?"

நம் ஊரில் மூன்று எதிரிகள்: வெயில், ஈரம், ராமபாணப் பூச்சி. நேர் வெயில் விழும் சுவரில் மாட்ட வேண்டாம். ஃபிரேம் போடும்போது கண்ணாடி காகிதத்தில் ஒட்டாதபடி நடுவில் அமிலம் இல்லாத மவுன்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். ஒட்டினால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். ஃபிரேம் போடாதவற்றை அமிலம் இல்லாத தாளில் இடையிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு பெட்டியில் படுக்கை வசமாக வையுங்கள். லேமினேஷன் கூடவே கூடாது. அந்தச் சூடும் பசையும் படத்தைக் கெடுக்கும், திரும்பப் பிரிக்கவும் முடியாது. நல்ல வெளிச்சத்தில் ஸ்கேன் எடுத்து உடன்பிறந்தவர்கள் எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள்.

பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். பால்பாயின்ட் மை ஊறி முன்பக்கம் தெரியும், மங்கவும் செய்யும். பென்சில் கரி மங்காது. பொருளின் பெயரை உங்கள் வீட்டில் சொன்னபடியே எழுதுங்கள், "நடுத் தவலை", "மாமா தூக்கு" என்று. யார் புழங்கியது, எந்த ஊர், எந்த வீடு, எதற்காக வாங்கியது, தெரிந்தால் வருஷம். அந்த ஒடுக்கு எப்படி விழுந்தது என்று யாருக்காவது தெரிந்திருந்தால் அதையும். தெரியாவிட்டால் வீட்டில் மூத்தவர் இருக்கும்போதே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். கடைசியில் உங்கள் பெயர், வரைந்த தேதி.